இன்னும் நாலு துண்டு

"என்ன மச்சான், கிழங்கைத் தொடவே இல்ல?"

ஜோசதெக்கி கேட்டதும் வைசாக்கேவுக்கு மீன் தொண்டையிலேயே நின்றது. சர்க்கரை எகிறிக் கிடக்கிறது, கிழங்கே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் எதிரே இருப்பது யார்? இந்த லௌட்டோகா ஊரில் படிக்கும் வைசாக்கேவின் மகள் லொசலினி டெங்குவில் விழுந்தபோது, தன் வீட்டுக்கே தூக்கிப்போய்ப் பெற்ற பிள்ளையாகப் பார்த்துக்கொண்டவர். நன்றி சொல்ல சுவாவிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கே, துறைமுக உணவகத்தில் விருந்தும் வைக்கிறார். மரவள்ளியை ஒதுக்கினால் அவர் முகத்தை ஒதுக்கியது போலத்தான்.

"ருசிச்சுத் திங்கலாம்னு கடைசிக்கு வச்சிருக்கேன்."

ஜோசதெக்கி கடல் பக்கம் திரும்பிய நொடியில், நான்கு துண்டும் வைசாக்கே இடுப்பில் கட்டியிருந்த சுலு வேட்டியின் பைக்குள் இறங்கின.

"அடேயப்பா, அதுக்குள்ளயா! பிரமீளா, இன்னொரு கிண்ணம் கொண்டா!" என்று பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டார் ஜோசதெக்கி.

புதுக் கிண்ணம் ஆவி பறக்க வந்தது. ஜோசதெக்கி தன் கையாலேயே அள்ளி வைத்தார். தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

"வயிறு நிறைஞ்சிருச்சு மச்சான். இப்படியொரு கிழங்கு நான் தின்னதே இல்ல!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப பொரிச்சதையும் பாத்துருங்க. பிரமீளா!"

வைசாக்கே சுவர்க் கடிகாரத்தைப் புகழ்ந்தான், கப்பலைக் காட்டினான். ஒவ்வொரு முறையும் பை கனத்தது. பொரித்த துண்டுகள் தொடையைச் சுட்டன. அவன் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் ஜோசதெக்கியின் தட்டும் காலியாகவே இருந்தது. நல்ல சாப்பாட்டுக்காரர்.

கடைசியில் நன்றி சொல்ல எழுந்தான்.

"மச்சான், என் பொண்ணு இன்னிக்கு நடமாடுறான்னா..." குனிந்து அவர் கையைப் பிடித்தான். "நீங்களும் அக்காவும் ராத்திரி முழுக்கக் கண் முழிச்சதாலதான். இந்த ஜென்மத்துல..."

பையின் தையல் விட்டது. தொப், தொப், தொப்பென்று தரையெல்லாம் மரவள்ளி.

பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மன்னிச்சிருங்க மச்சான்," என்றான் வைசாக்கே, கண் கலங்க. "சர்க்கரை. டாக்டர் கிழங்கே ஆகாதுன்னுட்டார். உங்க அன்புக்கு முன்னால வேணாம்னு சொல்ல வாய் வரல."

துடைப்பத்தோடு வந்த பிரமீளா மேசைக்கடியில் குனிந்தாள். குனிந்தவள் அங்கிருந்தே கேட்டாள்.

"அப்ப ஜோ அங்கிள், உங்க காலடியில ஒரு குவியல் கிடக்கே, அது எந்த டாக்டர் சொன்னது?"