படகில் கால் பங்கு

உயிரே போனாலும் ஒரு பங்கைக்கூட விற்பதில்லை என்று நெவில் பெங்கெல்லி சபதம் போட்டார். போட்ட இடம், ஆஸ்திரேலியாவின் வாலரூ ஊரில் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப். போட்ட நேரம், மூன்றாவது பீருக்குப் பிறகு.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. டிங்காபில்லா செப்புச் சுரங்கக் கம்பெனியின் பங்குகளைத் தொண்ணூறு சென்ட் விலையில் வாங்கிப் போட்டவர் அவர். அது எழுபதானது, முப்பதானது, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பதினொன்றில் வந்து நின்றது. கம்பெனியில் முக்கால்வாசியைக் கையில் வைத்திருந்த பெர்த் நகரத்து முதலாளிகள் இப்போது மிச்சத்தையும் கேட்டார்கள். பங்குக்குப் பன்னிரண்டு சென்ட். அதை 'நியாயமான விலை' என்று வேறு அச்சடித்திருந்தார்கள். நெவிலுக்கு வந்த கோபத்தில் அவரே செப்பு நிறமாகிவிட்டார்.

ஊரில் தம்மைப்போல மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் திரட்டிச் சிறு பங்குதாரர் சங்கம் ஆரம்பித்தார். தாமே தலைவரானார். வக்கீல் வைப்பது என்று முடிவாயிற்று. "வக்கீல் நிதிக்கு முதல் ஐயாயிரம் டாலர் என்னுது!" என்று மேஜையைத் தட்டினார். கிளப்பே கைதட்டியது. வீட்டுக்கு நடக்கும்போதுதான், தம்மிடம் ஐந்நூறுகூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டில் அவர் மனைவி டோரீன் நண்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக் கூட்டத்தில் கேட்கப்போகும் கேள்வியை நெவில் தினமும் அடுப்படியில்தான் ஒத்திகை பார்ப்பார். அன்றும் பார்த்தார்.

"கனம் தலைவர் அவர்களே! எங்க பங்குக்கு நீங்க சொல்ற விலை நியாயம்னா, அதே விலைக்கு உங்க பங்கை எங்களுக்குக் கொடுப்பீங்களா?"

"கடைசில கையை உசத்தணும். நேத்து உசத்தினே."

"உசத்தினா தோள் வலிக்குது டோரீன்."

"அப்ப விரலையாவது நீட்டு. நீட்டற விரலாலயே அந்த உப்பை எடு."

உப்பை எடுத்துக் கொடுக்கும்போது ஜன்னல் வழியாகப் படகு தெரிந்தது. கூடவே ஒரு யோசனையும் தெரிந்தது.

அந்தப் படகில் முக்கால் பங்கு பணம் நெவிலுடையது. கால் பங்கு டோரீனுடையது. அவள் அம்மாவின் பியானோவை விற்று வந்த காசு. ஆனால் கடல் நெவிலுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கரை மறைவதற்குள் அவர் சாப்பிட்ட காலை உணவு வெளியே வந்துவிடும். டோரீனுக்கோ படகுதான் உயிர். விடிகாலையில் தனியாகப் போய் நண்டு பிடித்துத் திரும்பும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். அவர்கள் கல்யாணப் படங்கள் எதிலும் அது கிடையாது.

அடிலெய்டில் ஒரு பல் டாக்டர் அந்தப் படகுக்கு எட்டாயிரம் தருவதாக நெவிலிடம் போன வாரமே சொல்லியிருந்தார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாராம். அதற்குள் டோரீனின் கால் பங்கைச் சல்லிசாக வாங்கிவிட்டால் போதும். இந்தக் கணக்கைப் போட்டபோது நெவிலுக்கு வெட்கமே வரவில்லை. அதுதான் வேடிக்கை.

வியாழக்கிழமை மெல்லப் பேச்செடுத்தார்.

"டோரீன், படகைப் பத்தி யோசிச்சேன்."

"வாந்தி எடுக்காமலா?"

"கேளேன். சந்தை படுத்துக் கிடக்கு. படகும் பழசு. இன்னிக்கு முழுப் படகே ஆயிரத்திருநூறுக்கு மேல போகாது. உன் கால் பங்குக்கு முந்நூறு தர்றேன். கைமேல காசு. நியாயமான விலை."

"என் பங்கு உனக்கு எதுக்கு?"

"நிர்வாகம் ஒரே கையில இருந்தா நல்லதுன்னுதான்."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"முக்கால் பங்கு என்னுது டோரீன். பெரிய பங்குக்காரன் வெச்சதுதான் சட்டம்."

சொன்ன பிறகு, இதை எங்கேயோ படித்தோமே என்று ஒரு நொடி தோன்றியது. எங்கே என்று யோசிக்க அவர் மெனக்கெடவில்லை. டோரீன் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள்.

மறுநாள் மாலை சங்கத்தின் செயற்குழு நெவில் வீட்டில் கூடியது. கசாப்புக் கடை கிளாரி வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மிஸ் ஊனா வந்தாள். இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் பன்னிரண்டு சென்ட்டில் வயிறெரிந்தவர்கள். டோரீன் இறைச்சி அடைத்த பேஸ்டி சுடச்சுடக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"நீங்கல்லாம் விவரம் தெரிஞ்சவங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பளைக்கு யோசனை வேணும். அவளும் ஒரு ஆளுமாச் சேர்ந்து ஒரு சொத்து வெச்சிருக்காங்க. அவருக்கு முக்கால், இவளுக்குக் கால். இப்ப அவர் இவ பங்கை முந்நூறு டாலருக்குக் கொடுன்னு கேக்கறாராம்."

நெவில் கையிலிருந்த பேஸ்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"சொத்துக்கு மதிப்பு போட்டது யாரு?" என்றாள் ஊனா.

"அவரேதான்."

"அவரேவா!" கிளாரி மேஜையில் குத்திய குத்தில் சாஸ் பாட்டில் சாய்ந்தது. "பெர்த்காரன் புத்தி! நெவில், கேட்டியா இந்த அநியாயத்தை?"

"கே... கேட்டேன்."

"கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கே? நீதானே தலைவர்? அவனைத் திட்டு!"

"அயோக்கியன்," என்றார் நெவில், பேஸ்டியிடம்.

"சத்தமா!"

"அயோக்கியன்!"

"பெரிய பங்குக்காரன் வெச்சதுதான் சட்டம்னு மிரட்டல் வேறயாம்," என்று எடுத்துக் கொடுத்தாள் டோரீன்.

செயற்குழு கொதித்துப்போயிற்று. அவனைக் கட்டி வைக்க வேண்டும் என்றார் ஒருவர். படகுத்துறையிலிருந்து தள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். நெவிலுக்குத் தரையிலேயே கடல் மயக்கம் வந்தது.

"எதுக்கு வீணா கத்தறீங்க?" என்றாள் ஊனா. "நம்ம தலைவரோட கேள்வி ஒண்ணே போதும். அதே விலைக்கு உன் பங்கைக் கொடுன்னு அந்தப் பொம்பளை கேக்கட்டும். கால் பங்கு முந்நூறுன்னா முக்கால் பங்கு தொள்ளாயிரம். வாங்கிட்டு அந்த ஆள் நடையைக் கட்டணும்."

"மாட்டேன்னா?"

"மாட்டேன்னா, அவன் சொன்ன விலை பொய். அவன் திருடன். இதைத் தீர்மானமாவே போட்டுடலாம். எல்லாரும் கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தலைவர் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? நெவிலும் தூக்கினார். தோள் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"ஏகமனதா நிறைவேறிடுச்சு," என்றாள் ஊனா. "அது சரி, யாரும்மா அந்த ஆளு?"

"உங்க தலைவர்தான்," என்றாள் டோரீன்.

எந்த இடத்தில் வெட்டினால் சுலபம் என்று பார்ப்பதுபோல கிளாரி நெவிலைப் பார்த்தார். டோரீன் ஏப்ரன் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்து நெவிலின் தட்டில் வைத்தாள்.

"தொள்ளாயிரம். நண்டு வித்த காசு. எண்ணிக்கோ."

எண்ண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. "வக்கீல் நிதிக்கு ஐயாயிரம்னு சொன்னியே, இது முதல் தவணை," என்று கிளாரி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். காசு நெவிலின் கையைத் தொடவேயில்லை, தட்டை மட்டும்தான் தொட்டது.

பல் டாக்டரை வரவேண்டாம் என்று சொல்ல நெவிலுக்கு மனம் வரவில்லை. எட்டாயிரத்தைக் கண்ணால் பார்த்தால் டோரீன் மசிந்துவிடுவாள், நமக்கும் ஏதாவது தேறும் என்று ஒரு நப்பாசை. சனிக்கிழமை காலையில் டாக்டர் பணத்தோடு வந்து இறங்கியதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"டோரீன், படகுக்கு எட்டாயிரம்! முழுசா எட்டாயிரம்! பேசாம கொடுத்துடு. எனக்குப் பாதி கொடுத்தாக்கூடப் போதும்."

"எட்டாயிரமா? வியாழக்கிழமை ஆயிரத்திருநூறுன்னு சொன்னே?"

"அது... அதுக்கப்புறம் சந்தை ஏறிடுச்சு."

"ரெண்டே நாள்லயா?"

"இல்லையே," என்றார் டாக்டர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. "நான் போன வாரமே இவர்கிட்ட எட்டாயிரம்னு சொல்லிட்டேனே."

டோரீனுக்குக் கோபம் வரும், ஏதாவது பறந்து வரும் என்று நெவில் குனிந்து தயாராக இருந்தார். ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் குரல் லேசாக உடைந்தது.

"படகு விக்கறதுக்கு இல்ல டாக்டர். அது எங்கம்மா வாசிச்ச பியானோ."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நெவில் தம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் பெர்த்காரர்களுக்காகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் வரிசையாக அவருக்கே நினைவுக்கு வந்தது.

"அடிலெய்ட்லேருந்து இவ்வளவு தூரம் வந்தது வீணாப்போச்சே," என்று அங்கலாய்த்தார் டாக்டர். "விக்கறதுக்கு இந்த வீட்டுல வேற எதுவுமே இல்லையா?"

டோரீன் நெவிலை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தாள்.

"இந்த மனுஷன் இருக்கார். நீங்க என்ன விலைக்குக் கேட்டாலும் சரி, நான் சங்கம் வெச்சுப் போராடவெல்லாம் மாட்டேன்."