நாக்கில்லாத திருஷ்டி பொம்மை

கலை தெரியாதவர்களை மன்னித்துவிடலாம். கலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இதுல கொஞ்சம் சிவப்பு அடிச்சா நல்லாருக்கும்" என்பவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியாது. வயது ஏற ஏறக் கோபம் குறையும் என்றார்கள். பொய்.

அப்போது நான் ஓவியக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, வில்லியனூரில் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தேன். சிமெண்ட், கம்பி, பெயிண்ட், கயிறு விற்கும் கடை. தாடி வைத்திருந்தேன். (படித்ததற்கு வேறு அத்தாட்சி இல்லை.) கட்டுகிற வீட்டுக்குக் கண்ணேறு படாமலிருக்கத் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையும் எங்களிடம் கிடைக்கும். வைக்கோல் உடம்பு, மண்சட்டித் தலை. சட்டியில் முழித்த கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு. படித்த படிப்புக்கு இதையாவது வரை என்று அப்பா சட்டிகளை என் முன்னால் அடுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் மனித முகத்தைப் படித்தது நாக்கு வரையவா?

அந்த நேரம் பார்த்து, உறுவையாறு ஊரைச் சேர்ந்த நெல் வியாபாரி ஒருவர் அரியூர் மெயின் ரோட்டில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்டும் கம்பியும் எங்களிடம்தான். அந்த வருடம் அப்பா கடை நடத்தியதே அந்த ஒருவரை நம்பித்தான். அவர் ஒரு பொம்மை கேட்டனுப்பினார். நான் என் சொந்த பிரஷ்களை எடுத்தேன். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை அந்தச் சட்டியில் வரைந்தேன். சாய்ந்த இமை, லேசாகச் சிவந்த மூக்கு நுனி. இன்றைக்கும் சொல்கிறேன், அருமையான முகம்.

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாக்கு எங்கடா?" என்றார்.

"வாய்க்குள்ள கீதுபா," என்றேன். (திமிர்.)

அந்த வீட்டைக் கட்டும் மேஸ்திரி வாங்கிப்போய் மாடியில் கட்டினார். கொஞ்ச நாளில் அரியூர் முழுக்க அதே பேச்சு. மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். பஸ்கூட அங்கே வந்ததும் மெதுவாகப் போனது. நான் தினமும் எதிர் டீக்கடையில் நின்று, யாரோ வரைந்ததைப் பார்ப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டீ குடித்தேன். பொம்மையைப் பார்க்க நின்றவர்கள் அப்படியே வீட்டையும் பார்த்தார்கள். எத்தனை ரூம், கிரானைட்டா டைல்ஸா, இந்த ஆளுக்கு ஏது இவ்வளவு வசதி என்று விசாரித்தார்கள். அதற்கப்புறம் போர் மோட்டார் எரிந்தது. படிக்கட்டு விரிசல் விட்டது. கடைசியில் வியாபாரியே மணல் குவியலில் சறுக்கி விழுந்தார்.

கட்டுப் போட்ட காலோடு, மச்சான் ஓட்டிய மொபெட்டில், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து இறங்கினார்.

"கண்ணு படக்கூடாதுன்னு பொம்மை கேட்டா, ஊர் கண்ண மொத்தமா என் வூட்டுக்கு வரவச்சிட்டியேபா," என்றார்.

அந்த முகத்தில் எப்படி ஒரு துக்கத்தைப் பிடித்திருக்கிறேன் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். (விளக்கினேன், ஐயா, கால் உடைந்த மனிதரிடம்.)

"துக்கம் எங்கிட்டயே கீது. எனக்கு நாக்கு வேணும்," என்றார். இல்லையென்றால் மீதிச் சிமெண்டைப் பாகூரில் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்.

அப்பா எழுந்தார். சிவப்பு எனாமல் டப்பாவைத் திறந்து, சுவருக்கு அடிக்கும் பட்டை பிரஷை என் கையில் கொடுத்தார். கடையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நான் மறுத்தால் அப்பாவின் பிழைப்பு போகும். வரைந்தால் அவள் போவாள்.

வரைந்தேன். வியாபாரி மேல் ஆத்திரம், அப்பா மேல் ஆத்திரம், செல்ஃபி எடுத்தவர்கள் மேல் ஆத்திரம், என் தாடி மேல் ஆத்திரம். அந்த இமைகளை அழித்து முழிகளைப் பிதுக்கினேன். கோரைப்பற்களை நட்டேன். நாக்கைச் சட்டி முடியுமட்டும் இழுத்தேன். கண்ணில் நீர் வழிய வழிய வரைந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சிமெண்ட் எடுக்க வந்திருந்த மேஸ்திரி ஓரடி பின்னால் போயிருந்தார். வியாபாரிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"இதான்பா பொம்மை," என்றார்.

அந்த வாரமே கரையாம்புத்தூரிலிருந்து அதே முகம் கேட்டு ஆள் வந்தது. நிதானமாக உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். ஜலதோஷம் பிடித்த பூதம் ஒன்று வந்தது. வந்தவர் வேண்டாமென்று போய்விட்டார். கோபம் இருந்தால்தான் எனக்கு அந்த முகம் வரும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பா.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, தாடியும் நரைத்துவிட்டது. மாடி அறையில் நான் ஆசைப்பட்டு வரைந்த முகங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றுகூட விற்றதில்லை, ஒன்றையும் விற்பதற்காக வரைந்ததுமில்லை. ஒருமுறை கோபத்தைக் குறைக்க யோகா வகுப்பில் சேரப் போனேன். வீட்டில் எல்லோருமாகத் தடுத்துவிட்டார்கள்.

கடையில் பொம்மை தீர்ந்தால் யாரும் என்னிடம் வரைந்து தா என்று கேட்பதில்லை. என் மனைவி சட்டிகளை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அப்பா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பார்:

"ஏன்டா, உன் படம் ஏதாச்சும் வித்துச்சா?"

சாயங்காலத்துக்குள் அத்தனை சட்டியும் தயார்.