ஐந்து பேர் உபரி

“மூணு நாளா நீங்க அஞ்சு பேரும் என் எதிர்ல உட்கார்ந்திருக்கீங்க. ஸ்கூல் என்ன இடிஞ்சா விழுந்துடுச்சு?”

கல்வி அதிகாரி இப்படிக் கேட்டுவிட்டு, சாவகாசமாக மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவருடைய அலுவலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்பதால், பேச்சுவார்த்தை பள்ளியின் அறிவியல் லேபிலேயே நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற பிளாஸ்டிக் எலும்புக்கூடு மட்டும் அந்தக் கேள்வியை ரசித்த மாதிரி இளித்தது.

ஆசிரியர் சங்கச் செயலாளரான கணக்கு சாருக்குத் திக்கென்றது. சங்கம் கேட்டது இரண்டே விஷயம். இன்னும் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். நாலு மணிக்கு மணி அடித்தால் வீட்டுக்கு விட வேண்டும். நோட்டுத் திருத்து, பதிவேடு எழுது, கூட்டத்துக்கு வா என்று அந்தப் பள்ளியில் ஏழு மணிக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்த ஆள் கிடையாது. கணக்கு சாரின் ஐந்து வயது மகள் ‘அப்பா’வை விட்டுவிட்டு, ஊரார் மாதிரி அவரைக் ‘கணக்கு சார்’ என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அது நிஜமாகவே வலித்தது.

“என் கணக்குப்படி அஞ்சு பேர் உபரி” என்றார் அதிகாரி. “ரெண்டு பேரைக் கேட்க வந்து, அஞ்சு பேரைக் காட்டிக் கொடுத்துட்டீங்களே.”

பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர் கணக்கு சாரின் காலை ஓங்கி மிதித்தார். “ஏதாவது சொல்லுங்க சார்.”

“நேர்ல வந்து பாருங்க சார்” என்று கணக்கு சார் துள்ளி எழுந்தார். “எங்க அஞ்சு பேர் கிளாஸும் ரெண்டுபட்டுக் கிடக்கும். அதுலயும் என்னோட எட்டு ‘பி’ இருக்கே, சந்தைக்கடை கெட்டுது.”

“பார்த்துட்டாப் போச்சு” என்று அதிகாரி ஜன்னலைத் திறந்தார். “டிரைவர், என் குடையை எடுத்துட்டு வாப்பா.”

மரத்தடியில் ஜீப் நின்றது. உள்ளே ஆள் இல்லை.

“டீ குடிக்கப் போயிருப்பான். நேத்தும் இப்படித்தான். கூப்பிட்டா ஆளே கிடையாது” என்று அலுத்துக்கொண்டு அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

அந்த இடைவெளியில் கணக்கு சார் மேஜைக்கு அடியில் செல்போனை வைத்துக்கொண்டு, பள்ளிக் குழுவுக்குச் செய்தி தட்டினார். ‘அதிகாரி ரவுண்ட்ஸ் வர்றார்.’ அனுப்பிவிட்டு அடுத்ததையும் தட்டினார். ‘யாரும் எதையும் சரி பண்ணாதீங்க. சத்தம் இருந்தா இருக்கட்டும்.’

இரண்டாவது செய்தியை ஒருவரும் பார்க்கவில்லை. அதிகாரி வருகிறார் என்றாலே கையும் காலும் தானாக வேலை செய்கிற ஆட்கள் அவர்கள். கண் மூடித் திறப்பதற்குள் தாழ்வாரம் பெருக்கியாகிவிட்டது. சுவரில் புது சார்ட் ஏறிவிட்டது. பிள்ளைகளின் சட்டைப் பொத்தான்கள் கழுத்து வரைக்கும் போடப்பட்டுவிட்டன.

முதலில் ஏழு ‘ஏ’. குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. கணக்கு சார் பலமாக இருமிப் பார்த்தார். டஸ்டரைத் தட்டிவிட்டார். ஒரு பெண் ஓடி வந்து அதை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் ஜாலியா இருக்கீங்களா?” என்று அவர் கூவினார். வழக்கமாக அந்தக் கேள்விக்குக் கூரை பறக்கும்.

மொத்த வகுப்பும் எழுந்து நின்று, “வணக்கம் ஐயா” என்று ஒரே குரலில் சொன்னது.

“நல்ல பசங்க” என்றார் அதிகாரி.

கணக்கு சார் விடவில்லை. டீச்சர் இல்லாத இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்திருக்கும் பெரிய ஹாலுக்கு அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனார். “பாருங்க சார், தொண்ணூறு பேர். ஒரே ஒரு டீச்சர். இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்றது?”

தொண்ணூறு பேரும் கை கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார்கள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “ஒரு டீச்சருக்குத் தொண்ணூறு பேர். நடக்குதே சார். இதை எல்லா ஸ்கூல்லயும் கொண்டு வந்துடலாம் போலிருக்கே.”

தமிழ் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நம்ம வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா? இப்ப அடுத்த ஸ்கூல்காரங்க பொழப்புலயும் மண்ணு விழுந்தாச்சு.”

“எட்டு ‘பி’ இருக்கு டீச்சர்” என்றார் கணக்கு சார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, கரும்பலகையில் அவர் நிம்மதியாக எழுதிய நாளே கிடையாது. அப்படிப்பட்ட வகுப்பு அது. ‘நீங்க பேச்சுவார்த்தையைப் பாருங்க, எட்டு பி-யை நான் பார்த்துக்கறேன்’ என்று ஹெச்.எம். மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார். மேடத்தால் என்ன செய்துவிட முடியும்? அடக்கத்தான் முடியுமா?

தாழ்வாரக் கோடியில் எட்டு ‘பி’யின் கதவு சாத்தியிருந்தது. மூவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அத்தனை தலையும் குனிந்திருந்தது. அத்தனை கையும் எழுதிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ஓர் எஞ்சின் படம், நட்டு போல்ட் உட்பட அச்சடித்த மாதிரி இருந்தது. பாடம் நடத்துகிறவர் கதவு மறைவில் எங்கோ நின்றிருக்க வேண்டும்.

“யாரு எடுக்கறது?” என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

“தெரியல சார்” என்றார் கணக்கு சார். அழுகை வந்துவிடும் போலிருந்தது. மூன்று வருஷமாகத் தனக்கு அடங்காத பிள்ளைகள், தன் பிழைப்பு போகிற அன்றைக்கா அடங்க வேண்டும்?

மணி நாலு அடித்தது. அதிகாரி உற்சாகமாக ஜீப்பை நோக்கி நடந்தார். கணக்கு சார் பின்னாலேயே ஓடினார்.

“சார், ஒரே ஒரு போஸ்டாவது...”

“எதுக்கு சார்? யாருன்னு உங்களுக்கே தெரியாத ஒரு ஆளு, உங்க கிளாஸை உங்களைவிட நல்லா நடத்தறாரு. நாளைக்கே உபரி ஆர்டர் போடறேன். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகணும்னு கேட்டீங்களே, இனிமே காலைல இருந்தே வீட்ல இருங்க.”

வீட்டில் மகளிடம் என்ன சொல்வது என்று கணக்கு சார் யோசித்தார்.

ஜீப் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளே கையை விட்டு ஹாரனை விடாமல் அழுத்தினார். “எங்கடா போய்த் தொலைஞ்சே? நாலு மணி ஆச்சு, எனக்கு வீட்டுக்குப் போகணும். வந்து வண்டியை எடு.”

எட்டு ‘பி’யின் கதவு திறந்தது. முதலில் ஹெச்.எம். மேடம் வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவர் போல ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், முழங்கை வரைக்கும் சாக்பீஸ் தூளும் இரண்டு கையிலும் நோட்டுக் கட்டுமாக அதிகாரியின் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“நீங்க பஸ்ல போயிடுங்க சார். இன்னும் நாப்பது நோட்டு திருத்தாம கெடக்கு, நான் கிளம்ப எப்படியும் ஏழு மணி ஆயிடும்.”