வட்ட அணையில் வைத்த படையல்

பெருமை பிடித்த மனுசிக்கு "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று சொல்வதைவிட ஊர் சிரிக்க நிற்பது லேசு. நான் அப்படி நின்றவள். கையில் கத்தியோடு நின்றவள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீசைக் கண்டால் தலையை ஆட்டுவேன். (தலையாட்டினால் பாதி உலகம் நம்பிவிடும்.)

கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில், மகள் சுமதியின் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பார்க். ஒரு பக்கம் கடைகள் கூடின பிளாசாவின் பின்புறம், மற்றப் பக்கம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பார்க்கின் நடுவில் வட்டமாக ஒரு மண் அணை. இடுப்பளவு உயரம், மேலே புல், உள்ளே போக ஒரு வாய். வட்டத்துக்குள் ஒரு பஸ்ஸைத் திருப்பலாம். வாயருகே ஒரு பலகை, அது நிறைய எழுத்து. பலகைக்கும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் நடந்து வருவேன். மழைத்தண்ணீர் மறிக்கத் தொடங்கி யாரோ பாதியில் விட்ட வேலை என்பது என் தீர்ப்பு.

இனி அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். (புருசன் பெயரைச் சொல்லமாட்டேன், அந்தப் பழக்கம் போகாது.) என்னையும் சுமதியையும் முதலில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தன் விசாவுக்குக் காத்திருந்த மனிதர். நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்த அடுத்த கிழமை விசா வந்தது. சூட்கேஸ் கட்டியபடியே இருந்ததாம்.

வருசாவருசம் திவசத்துக்குச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைப்பேன். காகம் வந்து தொட்டால் அவர் வந்து சாப்பிட்ட மாதிரி. அதற்குப் பிறகுதான் நாங்கள் கை நனைக்கலாம். ஆனால் கனடாவில் ஒரு காகமும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்ததில்லை. அணில்தான் வடையைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

"மாமி, மாமா வேற உடுப்பில வந்திட்டார்" என்பார் மருமகன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு குசினிக்குள் போய், கழுவின பானையைத் திரும்பவும் கழுவுவேன். அத்தனை வருசத்தில் ஒரு தரமாவது வந்திருக்கக் கூடாதா?

அந்த வருசம் வட்ட அணையைச் சுற்றி நின்ற மரங்களில் காகங்கள் கூடுவதைக் கண்டேன். அவர் கனடாவுக்கு வருவதென்றால் இங்கேதான் இறங்குவார் என்று முடிவு கட்டினேன். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், உழுந்து வடை எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு, சுமதிக்கும் சொல்லாமல், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்திப் புறப்பட்டேன்.

அணையின் மேலே வாழையிலை சரிந்தது. விடுவேனா? இலை நறுக்கக் கொண்டுபோன கத்தியால் புல்லைச் சீவி, மண்ணைக் கொத்தி, இலை இருக்கும் அளவுக்கு மட்டமாக்கினேன். ஊதுபத்தியை அணையிலேயே குத்தினேன். கற்பூரமும் கொளுத்தினேன். பிறகு தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"கா... கா... இஞ்சேருங்கோ! உங்களுக்குத்தான்! எவ்வளவு காலமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், வாங்கோவன்!"

ஒரே ஒரு காகம் விளக்குக் கம்பத்தில் வந்திருந்து, தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. இறங்கவில்லை.

திரும்பினால், வட்டத்தின் வாயில் இருபது பேர் நிற்கிறார்கள். தொப்பி, கமரா, முன்னால் சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண். கூட்டத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை, இங்கே பிறந்தவள் போல, ஓடிவந்தாள்.

"அன்ரி, அன்ரி! என்ன செய்யிறீங்க? இது ஹெரிட்டேஜ் சைட்! போர்ட் வாசிக்கேல்லையா?"

"வாசிச்சனான்." (பெருமை!)

"தோண்டக் கூடாது, நெருப்பு வைக்கக் கூடாது எண்டு பெரிசாப் போட்டிருக்கே?"

"அது நாயோட வாறவைக்கு."

அவள் தலையில் கை வைத்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: இந்த அணை பல நூறு வருசத்துக்கு முந்தி, இங்கே எழுத்தே வராத காலத்து ஆதிக்குடிச் சனங்கள் கையால் மண் சுமந்து கட்டியது. வீடுகளும் ரோட்டும் வந்தபோது எப்படியோ தப்பியது. சிவப்புச் சட்டைக்காரி அந்தச் சனத்தின் வழி வந்தவள், வந்தவர்களுக்கு இடத்தைக் காட்டுகிறாள். எழுத்தே இல்லாமல் இத்தனை காலம் நிற்கிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள் என்றதும் எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. அதைத்தான் நான் கத்தரிக்காய்க்காகக் கொத்தியிருக்கிறேன்.

சிவப்புச் சட்டைக்காரி ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். கற்பூரத்தை அணைத்தாள். ஊதுபத்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நான் சீவிய புல்லைப் பழையபடி வைத்து, உள்ளங்கையால் அமத்தினாள், காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி. நான் கத்தியைப் பைக்குள் வைத்தேன்.

"பிள்ளை, எனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு அவவுக்குச் சொல்லு" என்றேன். வாழ்க்கையில் முதல் தரம் சொன்னது.

அவள் சொன்னாள். மற்றவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"யாரைக் கூப்பிட்டனீங்க எண்டு கேக்கிறா, அன்ரி."

"என்ர மனுசனை."

"வந்திட்டாரா எண்டு கேக்கிறா."

"இன்னும் இல்லை."

சிவப்புச் சட்டைக்காரி கம்பத்தில் இருந்த காகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இலையைத் தூக்கி வட்டத்துக்கு வெளியே புல்லில் வைத்தாள். கூட்டத்துக்கு ஏதோ சொன்னாள். இருபது பேரும் வெளியே வந்து சத்தமில்லாமல் இருந்தார்கள்.

"வெயிட் பண்ணுவமாம்" என்றாள் தமிழ்ப் பிள்ளை.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. யாரோ ஒரு கிழவர், பசி போல, பையிலிருந்து பன்றி இறைச்சி வைத்த பாணை, சான்ட்விச்சை, எடுத்தார். அவர் வாய்க்குக் கொண்டுபோக முதல் காகம் கம்பத்திலிருந்து விழுந்தது மாதிரி இறங்கியது. என் வடையைப் பார்க்கவில்லை, பால்கறியைப் பார்க்கவில்லை. பாணைப் பறித்துக்கொண்டு என் காலடியில் வந்து நின்று, என்னைப் பார்த்துப் பார்த்துத் தின்றது.

"அன்ரி," பிள்ளை மெதுவாகக் கேட்டாள், "அங்கிள் நொன்வெஜ்ஜா?"

முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாத மனிதர். இருபது பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள். காகமும் பார்க்கிறது.

"ஓம், அவர்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுதேன். நான் அழுவது தன் பாண் போனதற்கு என்று நினைத்துக் கிழவர் என் தோளில் தட்டினார். படையலை எல்லோருக்கும் பகிர்ந்தேன். வடை ஒன்றும் மிஞ்சவில்லை.

தமிழ்ப் பிள்ளை வீடுவரை கூட்டி வந்து, சுமதியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எந்தக் கலியாண வீட்டிலும் மருமகன் அதை அவிழ்த்துவிடுவார். "எங்கட மாமா கனடா வந்த முதல் நாளே சைவத்தை விட்டிட்டார்!" சனம் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும்.

திவசத்தன்று இப்போதும் வட்டத்துக்கு வெளியே, அந்தப் புல்லில்தான் படைக்கிறேன். இலையின் ஓரத்தில் பிளாசாவில் வாங்கிய பன்றி இறைச்சிப் பாண் ஒன்றும் இருக்கும். மருமகன் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவார். அனுப்பட்டும். பாணின் கரையை வெட்டி எடுத்துவிட்டுத்தான் வைப்பேன். அவருக்குக் கரை பிடிக்காது.