அம்சவல்லி வைத்த ட்ரேடு டெஸ்ட்

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மைத்துனன் குழந்தைவேலுக்கு, மாமா ராமலிங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா அம்சவல்லியும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கு நீயும் உன் மனைவி கண்ணகியும், முக்கியமாக உன் வடக்குத்து வீட்டு மாடிப் போர்ஷனும், ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். என் பெயரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை, வேறு நம்பரில் கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய்.

நான் ரிட்டயர் ஆகி ஒரு மாதம் ஓடிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். உன் மாடியைக் கேட்டதற்கு, "அக்கா தாராளமா வரட்டும், நீங்களும் வாங்க மாமா, ஆனா நீங்க ஆசப்பட்டு வாங்கி அம்போன்னு வுட்ட சாமான் ஒண்ணுகூட என் வூட்டுப் படியேறக் கூடாது" என்று கண்ணகி முன்னாலேயே சொன்னாய். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று உன் கையைப் பிடித்து நன்றி சொல்லத் துடிக்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் மச்சான்! பத்து கிலோ இளைத்த மாதிரி இருக்கிறது!

நடந்ததைக் கேள். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு நாளாகச் சாமான்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதைத் தொட்டாலும் நாளைக்கே மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றிற்று. பொறுத்துப் பார்த்த உன் அக்கா, "ப்ரமோஷனுக்கு முன்னாடி மைன்ஸ்ல ட்ரேடு டெஸ்ட் வச்சாங்க இல்ல, அதே மாதிரி வைக்கிறேன். செஞ்சு காட்டுனா வச்சிக்கோங்க. இல்லன்னா 'இத வுட்டுட்டேன்'னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். முப்பத்துநான்கு வருஷம் கன்வேயர் பெல்ட் பார்த்தவனுக்கு இதெல்லாம் ஒரு டெஸ்டா என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றேன். பக்கத்து வீட்டு ரெஜினாவும் எதிர்வீட்டுக் குஞ்சிதபாதமும் சாட்சிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், காப்பி வேறு. முதலில் ஓவியப் பெட்டி. பலாப்பழம் வரையச் சொன்னாள். பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவனுக்குப் பலாப்பழமா கஷ்டம்? வரைந்து நீட்டினேன். "முள்ளம்பன்றிக்கு இன்னும் மூஞ்சி வைக்கலீங்களாண்ணே?" என்றாள் ரெஜினா. அடுத்து தையல் மிஷின். தலையணை உறைக்கு ஓரம் அடித்துவிட்டு வெற்றியோடு எழுந்தேன், உறையும் கூடவே எழுந்தது. என் வேட்டியோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். அப்புறம் கீபோர்டு. எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை ஒற்றை விரலால் வாசித்து முடித்து நிமிர்ந்தால், குஞ்சிதபாதம் மரியாதையாக, "எப்பங்க ஆரம்பிக்கப் போறீங்க?" என்கிறார்.

கீபோர்டுக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவை இரண்டு தரம் மூடித் திறந்தேன் மச்சான். இனி வாசிக்கப் போவதில்லை என்பது பதினைந்து வருஷமாக எனக்கே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. அதைச் சொன்ன பிறகு பாரேன், ஒரு வேகம் வந்துவிட்டது! கேமரா, மீன்தொட்டி, காளான் வளர்க்கிற தட்டு என்று நான்காவது சாமானிலிருந்து டெஸ்டே வேண்டாம், நோட்டை நீட்டு என்று கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் பதினொன்று. எல்லாம் இப்போது வராந்தாவில் கிடக்கின்றன, குஞ்சிதபாதம் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே கட்டில், பீரோ, அடுப்பு, துணிமணி, நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். ஒரு குட்டியானை வண்டி போதும். மாடியைக் கூட்டிப் பெருக்கி வை. நீயும் கண்ணகியும் பதினாறு செல்வமும் பெற்று, அவற்றை வைக்க இடமும் பெற்று வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
கை வீசி வரப்போகும் மாமா,
ராமலிங்கம்.

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது கீபோர்டை எடுத்துப்போக வந்த குஞ்சிதபாதம், "வேல செய்யுதாங்க?" என்று கேட்டார். உன் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முழுப் பாட்டு மச்சான், இரண்டு கையாலும்! நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "எப்ப கத்துக்கின?" என்றேன். "நீங்க நைட் ஷிப்ட் போறப்பல்லாம். ஹெட்போன் மாட்டிக்கினு" என்றாள். ரெஜினா போட்டிருக்கிற ஜாக்கெட்டே நம் வீட்டு மிஷினில் தைத்ததாம். பீரோவுக்கு அடியிலிருந்து நாற்பது ஓவியம் வந்தது, ஒன்றில் நான் வாய் திறந்து தூங்குகிறேன், நேரில் இருப்பதைவிட லட்சணமாக. ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க ஆசையாச்சே. நாளைக்கு ஆரம்பிக்கிறேன், நாளைக்கு ஆரம்பிக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. நீங்க வுட்டாத்தானே நான் எடுத்துக்க முடியும்?" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பெருமையில் நெஞ்சு வெடிக்கவும் பார்க்கிறது. ஆகையால் நீ போட்ட தடை என் சாமானுக்குத்தான், இவை உன் அக்கா சாமான், கையெழுத்துப் போட்ட நோட்டு பத்திரமாக இருக்கிறது. குட்டியானை பத்தாது, லாரி சொல்லிவிடு, தூக்க நீயும் வா. கீபோர்டை மட்டும் யாரும் தொட வேண்டாம், அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.