லால்குடிக்கு மூன்று லட்சம் ஹாரன்

மெஷின் மறுபடியும் லால்குடிக்கு மூன்று லட்சம் ஹாரன்களைக் கொடுத்துவிட்டது.

ஜெகபர் சாதிக் காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். மூன்று லட்சம் மூன்று லட்சமாகவே இருந்தது. லால்குடியில் ஓடுகிற பஸ், லாரிகளோடு மாட்டு வண்டிகளுக்கும் வண்டிக்கொன்று மாட்டினாலும் மிச்சம் மலையாகக் கிடக்கும்.

"தேசிகன்! என்னங்க இது?"

1964-ஆம் வருஷம், திருச்சி ஜங்ஷன் பக்கம் இருந்த பொன்னி மோட்டார் ஸ்டோர்ஸ் ஆபீசுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் கணக்கு மெஷின் வந்திருந்தது. எந்த ஊர்க் கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறது என்பதை அட்டைகளில் துளையாகப் போடுவது அக்னஸின் வேலை. அட்டைகளை ஊர்வாரியாகப் பிரிப்பது பஷீர் அகமது. எந்தத் துளை எந்தக் கட்டத்தில் அச்சாக வேண்டும் என்பதைப் பலகையில் ஒயர்களைச் செருகி மெஷினுக்குச் சொல்வது, ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வரும் தேசிகன்.

மூவருக்கும் மேல் ஆபீசர், ஜெகபர் சாதிக். ரம்ஜானுக்கு முன்னால்வரை அவரும் அதே பலகையோடு மல்லுக்கட்டியவர்தான். திடீரென்று பதவி உயர்வு வந்தது. அன்றைக்கு மூவரும் கைதட்டிய தட்டலில் பக்கத்து ஓட்டல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேசிகன் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தான். "பொருள் நம்பருக்கான ஒயர், எண்ணிக்கைக் கட்டத்துக்குப் போயிடுத்து சார். இதோ, சரி பண்ணிடறேன்."

"நாளன்னைக்கு மெட்ராஸ் மானேஜர் வர்றாரு."

"தெரியும் சார்."

"வந்து இதைப் பார்த்தா?"

"அதுக்குள்ள சரியாயிடும் சார்."

"எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?"

தேசிகன் பலகையைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு குனிந்தான். அவன் பின்னங்கழுத்தில் சூடாகக் காற்று பட்டது. ஆபீசர் நின்றுகொண்டிருந்தார்.

"எவ்வளவு முடிஞ்சுது?"

"இப்பத்தான் சார் ஆரம்பிச்சேன்."

தேசிகன் ஒரே ஒரு ஒயரை உருவினான்.

"இப்ப எவ்வளவு?"

தேசிகன் கையிலிருந்த ஒயர் நழுவியது. எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பது அதற்கே மறந்துபோயிற்று. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

சாதிக் கடிகாரத்தைப் பார்த்தார். வேலை நகரவில்லையே! எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினால் வழி பிறக்கும் என்று தோன்றியது. மெஷினை நிறுத்தச் சொன்னார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள்.

"வேலை ஏன் தாமதமாவுது? மனசு விட்டுச் சொல்லுங்க."

மூவரும் நின்றுபோன மெஷினைப் பார்த்தார்கள். அக்னஸ்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். "மெஷின்கிட்ட ஆள் இருந்தா முடிஞ்சிடும் சார்."

அதை ஆள் பற்றாக்குறை என்று சாதிக் புரிந்துகொண்டார். கணக்குப் பிரிவுக்கு ஓடிப்போய் இரண்டு குமாஸ்தாக்களை இரவல் வாங்கி வந்தார். அவர்களுக்குத் துளை போடக் கற்றுக்கொடுக்க அக்னஸ் தன் வேலையை விட்டாள். அவர்கள் போட்ட துளைகளைத் திருத்த பஷீர் தன் வேலையை விட்டான். சாயங்காலத்துக்குள் சமயபுரம் கிடங்கில் கிளட்ச் பிளேட்டே இல்லை; லால்குடி ஹாரன்கள் ஐந்து லட்சத்தைத் தொட்டிருந்தன.

"பாய், கோவிச்சுக்காதீங்க. அவங்க ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பிடுவோம்" என்றான் பஷீர்.

"அனுப்பிட்டா ஆள் குறைஞ்சிடுமே!"

"குறைஞ்சாத்தான் பாய் வேலை நடக்கும்."

சாதிக்குக்கு இதில் ஏதோ சூழ்ச்சி தெரிந்தது. நமக்குக் கெட்ட பேர் வரட்டும் என்று வேண்டுமென்றே இழுக்கிறார்களோ? தான் உள்ளே நுழையும்போதெல்லாம் மூவரும் சட்டென்று பேச்சை நிறுத்துவதை இப்போதுதான் கவனித்தார்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ஷரீபா, "உடம்புக்கு என்னங்க?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார்.

"பிரியாணியைத் தம்முல போட்டுட்டு, நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் தொறந்து பார்த்தா வேகுமா?" என்றாள் அவள்.

"தொறக்காம விட்டு அடிப்பிடிச்சா யாரு பொறுப்பு?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குப் போக மனசில்லாமல் போனார். போகும்போது, "பஷீர், நீங்களும் வர்றீங்கதானே?" என்றார். பஷீர் கிடைத்த முதல் சந்தில் அவரிடமிருந்து நழுவி வேறு பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். சாதிக் மெஷினுக்காக நீளமாக துஆ கேட்டு வேண்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அறையில் ஒரே சீரான கடகடச் சத்தம். காகிதம் அருவியாக இறங்கிக்கொண்டிருந்தது. லால்குடி: ஹாரன் நாற்பத்திரண்டு. சமயபுரம்: கிளட்ச் பிளேட் பதினெட்டு. அக்னஸ் காலை நீட்டி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தாக்களைக் காணோம்.

"முடிஞ்சுதா?"

"ஆச்சு சார்" என்றான் தேசிகன். "பெருமாள் புண்ணியம்."

சாதிக்குக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு மெல்லப் பயம் பிடித்தது. நேற்றெல்லாம் நடக்காதது, ஒரு தொழுகை நேரத்தில் எப்படி நடக்கும்? உள்ளே எங்கேயோ ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. நாளைக்கு மானேஜர் முன்னால் அது தலையை நீட்டும்.

எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்வரை காத்திருந்தார். பலகையைக் கழற்றினார். அவர் காலத்தில் இல்லாத வழியில் ஒரு மஞ்சள் ஒயர் போயிருந்தது. "அதான பார்த்தேன்!" என்று அதைப் பிடுங்கி, தமக்குத் தெரிந்த ஓட்டையில் செருகினார். அதற்கு இடம் கொடுக்க இன்னொன்றைப் பிடுங்கினார். பழைய கை, பரபரவென்று வேலை செய்தது.

சனிக்கிழமை காலையில் மெட்ராஸ் மானேஜர் வந்தார். கனத்த கண்ணாடி, அதிகம் பேசாத மனுஷர். "ஓட்டுங்க பார்க்கலாம்" என்றார்.

மெஷின் ஒரு தடவை இருமியது. கிடங்குப் பெயர் வர வேண்டிய இடத்தில் எண்களும், எண்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமலும் அச்சாயிற்று. பிறகு அச்சடிப்பதையே விட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும் தள்ள ஆரம்பித்தது. வெள்ளைக் காகிதம் மானேஜரின் பூட்சைச் சுற்றிக் குவிந்தது. பஷீர் பாய்ந்து சுவிட்சை அணைத்தான்.

"பலகையில யாரு கை வெச்சது?" என்றார் மானேஜர்.

அக்னஸ் காற்றாடியைப் பார்த்தாள். பஷீர் சுவிட்சைப் பார்த்தான். தேசிகன் பலகையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டான்.

மூவரில் ஒருவர் தலையில் கட்டிவிடலாம். ஒரு கணம் சாதிக்குக்கு அந்த யோசனை வரத்தான் செய்தது. இருந்தாலும், "நான்தான் சார்" என்றார்.

மானேஜர் மூவரையும் உள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். சாதிக் வெளியே நின்றார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் அக்னஸ் கைகூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். தேசிகன் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னான். பஷீரின் கண் கலங்கியிருந்தது போலிருந்தது.

நமக்காகவா கெஞ்சுகிறார்கள்? இவர்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

கதவு திறந்தது. மானேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மிஸ்டர் சாதிக், சமயபுரம் ரோட்டுல நம்ம புதுக் கிடங்கு இருக்கே, அங்க உங்களைத் திட்ட மேற்பார்வை அதிகாரியா போடறேன். தனி ரூம். திங்கட்கிழமையே போயிடுங்க."

சாதிக்குக்குக் காதில் விழுந்தது புரியச் சற்று நேரமாயிற்று. அதற்குள் மூவரும் கைதட்டினார்கள். இந்தத் தடவை ஓட்டல்காரர் உள்ளேயே வந்துவிட்டார். அக்னஸ் மைசூர்பாகுக்கு ஆளனுப்பினாள். தேசிகன் குனிந்து காலைத் தொடப் பார்த்தான். சாதிக் அவனைக் கட்டிக்கொண்டு விம்மினார். "உங்களைத் தனியா விட்டுட்டுப் போறேனே! அப்பப்ப வந்து பார்த்துக்கறேன்" என்றார். மூவரும் ஒரே குரலில், "வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்!" என்றார்கள். எவ்வளவு அன்பு!

பியூன் பிச்சமுத்து அவருடைய நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"ஏன் பிச்சமுத்து, ஆபீசர் பதவி கிடைச்சு இன்னும் ஒரு கோடைகூடக் கழியலை. அதுக்குள்ள இன்னொண்ணு! எனக்கே நம்ப முடியலைங்க."

"அதை ஏன் கேக்குறீங்க சார்" என்றார் பிச்சமுத்து, நாற்காலிக்கு அடியிலிருந்து. "பலகையில நீங்க கை வைக்காம இருக்கணும்னு போன தடவை இவங்க மூணு பேரும் மானேஜர்கிட்ட கெஞ்சிக் கேட்டு உங்களை ஆபீசராக்கினாங்க. அப்ப வேற கட்டடம் கேக்கணும்னு தோணாமப் போச்சு."