எழுப்பக் கூடாத பயணி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ரயில் ஏறிய கயல்விழி, வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்டிக்குள் சத்தமே இல்லை.

விடியற்காலை பெங்களூர் ரயிலில் அப்படி ஓர் அமைதியை அவள் கண்டதில்லை. சீட்டாடும் கூட்டம் சீட்டுக்கட்டை மூடி வைத்திருந்தது. போனில் பாட்டு அலறவிடும் பையன்கள் காதில் ஒயரைச் செருகியிருந்தார்கள். மூன்று பேர் உட்காரும் பலகையில் ஒருவன் மட்டும், மெரூன் மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு, ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இடமிருந்தும் அத்தனை பேரும் நின்றுகொண்டு வந்தார்கள்.

"மெதுவா வா கண்ணு," என்று கிசுகிசுத்தாள் பழனியம்மா. பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்பவள். யாரும் தேர்ந்தெடுக்காமலே அந்தப் பெட்டிக்குத் தலைவி. "புள்ள ராத்திரி பூரா ஆஸ்பத்திரில முழிச்சிக்கினு வருது. நீதானே எழுதின?"

எழுதியவள் அவள்தான். அதில் ஒரு வரிகூட உண்மையில்லை என்பதுதான் சங்கடம்.

கயல்விழி பெங்களூர்க் கல்லூரியில் இதழியல் இரண்டாம் ஆண்டு. போன மாதம் மமதா மிஸ் வகுப்பையே 'புதுப்பொழுது' நாளிதழ் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கணினித் திரையில் மறுநாள் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. இன்னும் நடக்காத ஒன்றுக்காக ஒதுக்கி வைத்த இடம். அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தபடி நின்றவளை மிஸ் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

நாளிதழின் ஆசிரியர் சிவகுமார் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் பார்க்கிற ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டும். நல்ல கட்டுரை ஞாயிறு இதழில் வரும். எழுதியவருக்கு விடுமுறையில் அங்கேயே பயிற்சி. கோலாரிலிருந்து வருகிறவர்கள் தங்கம், சுரங்கம் என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

கயல்விழி மப்ளர்காரனைத் தேர்ந்தெடுத்தாள். அவன் விழித்ததும் பேட்டி எடுப்பதாகத்தான் திட்டம். அவனோ விழிக்கவே இல்லை. அவள் ஏறும்போதும் தூங்கினான். பெங்களூர் கன்டோன்மென்டில் அவள் இறங்கும்போதும் தூங்கினான். எதிரில் உட்கார்ந்து அவள் காத்திருந்தாள். சுரங்கத்துக் கழிவான சயனைடு மண்மேடுகள் பனிக்குள் நிலா வெளிச்சம் போல வெளுத்து நகர்ந்தன. ரயில் தாலாட்ட, அவனுடைய வாழ்க்கை அவள் மனத்தில் தானாகவே வளர்ந்தது. பங்காருபேட்டை வருவதற்குள் அவனுக்கு இரவு ஆஸ்பத்திரி வேலையும் பகலில் படிப்பும் அமைந்தன. ஒயிட்பீல்டு தாண்டும்போது மூன்று தங்கைகள். பெயர் பாரி. அந்த நெற்றிக்கு வேறு பெயர் பொருந்தவில்லை.

கடைசி நாள் மாலை, கண்ட கனவை அப்படியே தட்டச்சு செய்து, மப்ளர் படத்தோடு அனுப்பிவிட்டாள்.

பரிசும் கிடைத்தது. அச்சில் பார்த்தபோது மூன்று தங்கைகள் இரண்டாகக் குறைந்திருந்தார்கள். முடிவில், 'இவருக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை' என்று அவள் எழுதாத வரி ஒன்றும் இருந்தது. பக்கத்தில் இடம் மிச்சமிருந்ததால் யாரோ சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அந்தப் பக்கத்தைப் பெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"அக்கா, இவரு அவரில்லாமகூட இருக்கலாம்," என்று மெல்ல ஆரம்பித்தாள்.

"இன்னா சொல்ற நீ? பேப்பர்ல பொய்யா எழுதுவாங்க? அதுவும் நம்ம பொண்ணு?"

எழுப்பி அவனிடமே கேட்டுவிடலாம் என்று கயல்விழி கையை நீட்டினாள். சீட்டாட்டக்காரர் ஜோஸ் குறுக்கே வந்து, எழுதினவங்களே எழுப்பலாமா சிஸ்டர் என்று வருத்தப்பட்டார்.

மறுநாளிலிருந்து பழனியம்மா இட்லி கொண்டுவர ஆரம்பித்தாள். நீல டப்பாவை அவன் பையில் சத்தமில்லாமல் வைப்பாள். அடுத்த நாள் அது கழுவித் துடைத்து, பையின் வாயிலேயே காத்திருக்கும். தூக்கத்திலும் இவ்வளவு ஒழுங்கா என்று பெட்டியே உருகியது.

அந்த ஒழுங்குதான் வினையானது. பழனியம்மாவின் மகன் ரூபேஷுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணங்காரன் இப்படின்னா தங்கச்சி எப்படி இருக்கும்! பெரியவள கேளேன் கண்ணு."

கயல்விழி அவசரமாக, பெரியவளுக்கு நிச்சயமாகிவிட்டது என்றாள். சின்னவளைப் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்தாள். தப்பித்தோம் என்று மூச்சுவிட்டாள்.

மறுநாள் காலை பழனியம்மா கையில் மணப்பெண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை இருந்தது. ஜோஸின் தம்பி பேண்டு செட் வைத்திருந்தான், இலவசமாக வாசிக்கிறானாம். முகூர்த்தம் எப்போது என்று எல்லோரும் கேட்டார்கள்.

கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்றாள் கயல்விழி, தரையைப் பார்த்தபடி. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று இழுத்தாள்.

பழனியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "மாப்பிள எந்த ஊரு?"

கயல்விழி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி, அதற்குள் ஒரு புளியமரம், அதன்மேல் இளஞ்சிவப்பாய் வானம். உலகம் எவ்வளவு அழகாக, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அவள் வாய் மட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"பூதிகோட்டை."

"என் தங்கச்சிய குடுத்த ஊரு. மனத்தாங்கலா? ஞாயித்துக்கெழம நேரா போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம். ஜோஸு, வேன் சொல்லு. கயலு, நீயும் வர்ற."

மப்ளர் லேசாகக் குலுங்கியது.

"குளிருது போல," என்று பழனியம்மா தன் சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினாள்.

பூதிகோட்டையில் கல்யாண வயதுப் பையன் இருக்கிற ஏதோ ஒரு வீட்டு வாசலில் பேண்டு செட்டோடு ஒரு வேன் போய் நிற்பதைக் கயல்விழி கண்முன்னே பார்த்தாள். பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால் அந்த வெள்ளைக் கட்டம் இனி அவளுக்கு இல்லை. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை.

கல்லூரி விட்டதும் 'புதுப்பொழுது' அலுவலகத்துக்குப் போய், சிவகுமாரின் மேசை முன் நின்று முழுவதையும் ஒப்பித்தாள். தேநீர் கொண்டுவந்த வெங்கடம்மா வெளியே போகாமல், கதவோரம் தட்டோடு நின்று கேட்டாள். பதினைந்து வருடமாக அங்கே தேநீர் கொடுப்பவளை யாரும் போகச் சொல்வதில்லை.

"அவரு பேருகூட எனக்குத் தெரியாது சார். அவரு கண்ணு தொறந்தே நான் பார்த்ததில்ல. எனக்குப் பயிற்சி வேணாம். தப்புன்னு மட்டும் போட்டுடுங்க, ஞாயித்துக்கெழமைக்குள்ள."

சிவகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள திருத்தம் கண்டிப்பா வரும். எழுதுறது நீங்கதான். திங்கட்கிழமை பயிற்சிக்கு வாங்க. முதல் வேலை, அந்தப் பையனோட பேரைக் கேட்டுட்டு வரணும்." பிறகு குரலை உயர்த்தினார். "ஒரு போன்கூடப் பண்ணாம இதைப் பாஸ் பண்ணின ஞாயிறு பக்கத்து ஆளை வரச் சொல்லுங்க. மகிழன்!"

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு மெலிந்த இளைஞன் வந்தான். அப்போதுதான் கழுவிய ஏதோ ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீல டப்பா. தோள்பையிலிருந்து மெரூன் நிறத்தில் ஒரு முனை தொங்கியது.

கயல்விழி நிமிர்ந்தாள். திறந்திருந்த அந்தக் கண்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கனவில் அவள் கொடுத்த நிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு.

சிவகுமார் டப்பாவைப் பார்த்தார், மப்ளரைப் பார்த்தார், கயல்விழியைப் பார்த்தார். அவருக்கு விளங்க அரை நிமிடம் ஆனது.

"இது நீயாய்யா? அப்ப எழுந்து சொல்லக் கூடாதா?"

"எப்படி சார் எழுந்திருப்பேன்," என்றான் மகிழன், தரையைப் பார்த்தபடி. "எழுந்தா இவங்க பயிற்சி போயிடும்."

"ஆஸ்பத்திரி வேலை?"

"இல்ல சார்."

"தங்கச்சிங்க?"

"ஒரே புள்ள சார். மூணு ரொம்ப அதிகமா பட்டுது. அதான் ரெண்டாக்கினேன்."

சிவகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இந்தக் கட்டுரையில ஒரு வரியாவது நெசமா இருக்கா?"

வெங்கடம்மா மேசையிலிருந்த காலிக் கிளாஸைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"கடேசி வரி நெசம் சார். இன்னும் கல்யாணம் ஆகல. அத மட்டும் மகிழன் சாரே எழுதிக்கினாரு."